காசிக்கு ஓர் ஆற்றுப்படை

1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பது மணி. சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று காசிக்குப் புறப்பட்டது. குடும்பத்தினர், உறவினர், பணியாட்கள், பல்லக்குத் தூக்குவோர், கூடாரங்கள், சமையல் பாத்திரங்கள், மூட்டை முடிச்சுகள். அன்றிரவு இத்தனை ஆரவாரத்தோடும் அவர்கள் சென்று சேர்ந்த இடம் மாதவரம்! தண்டையார்ப்பேட்டைக்கும் மாதவரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேர நடை.

இந்தக் கூட்டத்தின் தலைவர் ஏனுகுல வீராசாமி. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். தெலுங்கு, தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகிய நான்கிலும் புழக்கமுள்ளவர். பதினைந்து மாதமும் பதினைந்து நாளும் கழித்து, 1831 செப்டம்பர் 3ஆம் நாள் சென்னை திரும்பினார். வழிநெடுகத் தாம் எழுதிய நாட்குறிப்பைச் சென்னையிலிருந்த நண்பர் கோமளேஸ்வரன்பேட்டை ஸ்ரீநிவாச பிள்ளைக்கு அனுப்பி வந்தார். அதுதான் பின்னர் ‘காசி யாத்திரைச் சரித்திரம்’ என்ற தெலுங்கு நூலாக 1838இல் அச்சாயிற்று. தெலுங்கு உரைநடை வரலாற்றில் இந்நூலுக்குரிய இடம் உறுதியானது. சென்னையில் பிறந்து சென்னையிலேயே அச்சேறிய இந்நூலைத் தமிழ் வாசகர்களாகிய நாம் நம்முடையதாக எண்ணிப் பார்த்ததில்லை. மொழி வேறு என்பது ஒரு காரணம். அது ‘வெறும் தகவல்’ என்ற எண்ணம் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தோடுதான் நமக்குப் பிணக்கு.

முதல் இரவு மாதவரத்தில் தங்கியதற்குச் சமய நோக்கில் விளக்கம் சொல்லிவிடலாம். நல்ல நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, அருகே ஓரிடத்தில் தங்கிப் பிறகு பயணத்தைத் தொடர்வது பழைய வழக்கம். பரஸ்தானம் என்பார்கள். ஆனால் வழக்கங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தலைவியின் புத்தி இருக்கும் என்பது நமது எண்ணம். நூறு பேர் கிளம்பும் பயணத்தில் எதையாவது மறக்காமல் இருக்க முடியுமா? தோசைக்கல்லோ, மருந்துப்பெட்டியோ, ஈமச்சடங்குக்கு வேண்டிய பொருளோ விட்டுப்போயிருந்தால் ஓர் ஆளைத் திருப்பி அனுப்பி எடுத்துவரலாம். எந்தப் பல்லக்கின் தண்டு சரியில்லை, எந்த மூட்டை அவிழ்கிறது, எந்தக் கூடாரத்துக்கு முளை குறைகிறது என்பதெல்லாம் முதல் இரவிலேயே தெரிந்துவிடும். முதல் நாள் பத்துக் காத தூரம் போய்விட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

வீராசாமியின் நூல் முழுவதும் இந்த நோக்கில்தான் இயங்குகிறது. ஓர் ஊரை அடைந்தவுடன் அவர் எழுதுவது பெரும்பாலும் கோயிலின் சிறப்பை மட்டுமன்று. சத்திரம் உண்டா, கடைகள் உண்டா, தேவையான பொருள்கள் கிடைக்குமா, தண்ணீர் எப்படி, அடுத்த ஊருக்குப் போகும் வழி மணலா கல்லா சேறா, இடையில் ஓடைகள் உண்டா என்பவற்றை விடாமல் எழுதுகிறார். எல்லாப் பொருள்களும் கிடைக்கும் என்பது போன்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அழகுணர்ச்சியோடு வாசிக்க வருகிறவருக்கு இது அலுப்பூட்டும். ஐம்பது பக்கம் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தால் அந்தத் தொடர்களின் தொனியே மாறிவிடுகிறது. அடுத்த ஆண்டு தன் வயதான தாயையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு இதே வழியில் புறப்படப்போகும் யாரோ ஒருவருக்காக அவை எழுதப்பட்டிருக்கின்றன.

போய்வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்லும் இந்த வகை எழுத்துக்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி அதுதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனிடம் தான் சென்ற வழியையும் தான் பெற்ற வளத்தையும் கூறி அவனையும் ஆற்றுப்படுத்துவது. வகுப்பறையில் இதைக் கற்பிக்கும்போது வள்ளலின் கொடைச் சிறப்பையே முதன்மைப்படுத்துகிறோம். தேர்வுக்கும் அதுதான் வருகிறது. வழி என்பது வள்ளலின் அரண்மனைக்குப் போய்ச்சேரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய வருணனையாகிவிடுகிறது. புலவர்கள் எந்தப் பகுதிக்கு எத்தனை அடிகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நமது கற்பித்தல் எவ்வளவு தலைகீழானது என்பது விளங்கும்.

மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். 583 அடிகள். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அதைத் தொடங்குவதே மூட்டை கட்டும் காட்சியோடுதான். இன்னின்ன இசைக்கருவிகள், அவற்றை இட்ட பைகள், அவற்றைச் சுமக்கும் விதம். பிறகு வழியின் ஆபத்துகள் வரிசையாக வருகின்றன. காட்டுப்பன்றிக்காக வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு கிடக்கும் குழிகள், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வந்து விழும் இடம், பாசி படிந்து வழுக்கும் கரை. அங்கெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கடக்கும்படி புலவர் எச்சரிக்கிறார். போகிறவர் தனியாள் அல்லர். மனைவி, மக்கள், சுற்றம் எல்லோரும் உண்டு. நடந்து தளர்ந்த விறலியரின் பாதங்களும் அவர் கண்ணில் படுகின்றன. இரவானால் தங்குவதற்கு எந்தக் குகை, எந்தக் குடியிருப்பில் என்ன உணவு என்பதும் சொல்லப்படுகிறது.

அதில் ஓர் இடம் நம்மை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. வழிகள் பிரியும் இடத்துக்கு வந்தால், சரியான வழியைச் செம்மைப்படுத்தி, அங்கே புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். பின்னால் வருகிறவர் தவறிப்போகாமல் இருப்பதற்காக. வள்ளலின் கொடையைவிட உயர்ந்த இடம் அந்தப் பாட்டில் இதுதான் என்று சொன்னால் ஆசிரியப் பெருமக்கள் சினம் கொள்ளக்கூடும். ஆயினும் நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் பொருத்தமானது. அதன் இலக்கு காஞ்சி. வழியில் உப்பு வணிகரின் வண்டித்தொடர், அதை ஓட்டிச்செல்லும் பெண்கள், மிளகு சுமக்கும் கழுதைகள், சுங்கம் வாங்கும் பெருவழி, வில்லேந்திய காவலர். வண்டியிலேயே குடும்பம் நடத்தும் உமணரைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் பேசுகின்றன. ஔவையார் ஒரு புறப்பாட்டில், அவர்கள் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் மாற்று அச்சை அதியமானின் மகனுக்கு உவமையாக்குகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று முன்கூட்டி எண்ணியவர்கள் கட்டிய அச்சு. இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்வதன் மூதாதை.

1830இல் வடக்கே போகத் திட்டமிட்ட ஒரு குடும்பத்தின்முன் எத்தகைய கேள்விகள் இருந்தன? முதலாவது, பருவம். மே நடுவில் சென்னையை விட்டால் கத்திரி வெயில் தணியுமுன் திருப்பதி, கடப்பை நிலங்களைக் கடக்க வேண்டும். அதனால்தான் இரவுப் பயணம். தக்காணத்தை அடையும்போது தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். கிருஷ்ணையும் கோதாவரியும் பெருகி வரும் காலம். பாலங்கள் இல்லை. தோல் போர்த்த பரிசல்களில் ஆட்களையும் பல்லக்குகளையும் தவணை தவணையாகக் கடத்த வேண்டும். நூறு பேர் ஓர் ஆற்றைக் கடப்பது ஒரு நாள் வேலையாகிவிடலாம். ஆனால் பின்னால் கிளம்பினால் குளிர்காலத்தில் கங்கைக்கரையில் இருக்க முடியாது. கோடையில் அங்கே அகப்பட்டுக்கொள்ள நேரும். ஒன்றைத் தவிர்த்தால் மற்றொன்று. கணக்குப் போட்டு மழையைத் தேர்ந்துகொண்டார்கள் போலும்.

இரண்டாவது, பணம். இதைப் பற்றி வீராசாமி எழுதியிருப்பவை பொருளியல் வரலாற்றாளர்களுக்குப் புதையல். சென்னை மாகாணத்தில் 1818இல்தான் வராகன் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்திருந்தது. கும்பெனி ஆண்ட நாடுகள் முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது 1835இல். ஆகவே 1830இல் ஹைதராபாத்தின் நாணயம் வேறு, நாகபுரியின் நாணயம் வேறு, வங்காளத்தின் சிக்கா ரூபாய் வேறு. ஒவ்வொரு எல்லையிலும் வட்டம் கொடுத்து மாற்ற வேண்டும். பதினைந்து மாதச் செலவுக்கான பணத்தை மூட்டையாகக் கட்டிச் சுமந்தால் திருடனுக்கு அழைப்பு விடுத்தது போலாகும். சௌகார்களின் உண்டியல் முறை இங்கேதான் கைகொடுத்தது. சென்னையில் பணத்தைக் கட்டிவிட்டு ஒரு சீட்டை வாங்கிக்கொண்டால் ஹைதராபாத்திலோ காசியிலோ அந்தச் சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். யாத்திரிகனின் பக்தியைப் போலவே வணிகனின் கையெழுத்தும் காசிவரை செல்லுபடியாயிற்று.

மூன்றாவது, அச்சம். ‘காசிக்குப் போனவன் திரும்பினால் மறுபிறவி’ என்று வீட்டுப் பெரியவர்கள் பேசுவதுண்டு. அதில் மிகை குறைவு. வாந்திபேதி யாத்திரை வழிகளிலேயே பரவியது. 1817இல் வங்காளத்தில் தொடங்கிய பெருந்தொற்று அடுத்த சில ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பரவிப் பலரைக் கொண்டுபோயிருந்தது. வீராசாமி ஜபல்பூர் வழியாகச் சென்ற அதே காலத்தில்தான், அந்தப் பகுதியில் வில்லியம் ஸ்லீமன் என்ற கும்பெனி அதிகாரி, வழிப்போக்கரோடு நட்பாகப் பழகிக் கழுத்தை இறுக்கிக் கொல்லும் ‘தக்கர்’ கூட்டங்களைப் பிடிக்கும் வேலையில் இறங்கியிருந்தார். அந்தக் கூட்டங்களைப் பற்றிக் கும்பெனியார் எழுதியவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தம் ஆட்சிக்கு நியாயம் தேடும் புனைவு என்று வரலாற்றாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வழிப்போக்கரைப் பொறுத்தவரை அச்சம் உண்மையானது. நூறு பேராகப் போவதற்கு ஆடம்பரம் மட்டும் காரணமன்று.

அரசியல் பற்றியும் ஒரு சொல். வீராசாமி கும்பெனி ஆட்சியில் நம்பிக்கை வைத்தவர். நிஜாமின் ஹைதராபாத்தில் மக்கள் ஆயுதங்களோடு நடமாடுவதைக் கண்டு முகம் சுளிக்கிறார். கும்பெனியின் எல்லைக்குள் வந்தவுடன் அவர் எழுத்தில் ஓர் ஆசுவாசம் தென்படுகிறது. ஆங்கிலேய நீதிமன்றத்தின் ஊழியர் அப்படித்தான் எழுதுவார் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே கும்பெனி பிரயாகையிலும் கயையிலும் பூரியிலும் யாத்திரிகர் தலைமேல் வரி வாங்கிக்கொண்டிருந்தது. 1840இல்தான் அந்த வரி ஒழிந்தது. தெய்வத்தைக் காண வந்தவனிடம் சுங்கம் வாங்கிய அரசு, நீராடும் இடங்களில் காவலும் போட்டது. பெரும்பாணாற்றுப்படையின் உல்குடைப் பெருவழியிலிருந்து இது அத்தனை தூரமில்லை.

தங்குமிடம் என்ற கேள்விக்கு வருவோம். கூடாரம் ஏன்? சத்திரங்கள் இருந்தனவே? தமிழகத்தில் இருந்தன, சிறப்பாகவே இருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கும்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று பலரும் அறிந்தது. இராமேசுவரம் செல்லும் பாதையிலுள்ள தம் முன்னோரின் சத்திரங்களில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கடிதம் அது. பார்ப்பனர் முதல் பறையர்வரை எல்லா யாத்திரிகருக்கும் உணவு, குழந்தைகளுக்குப் பால், நோயுற்றோருக்கு மருத்துவம், வழியில் கருவுயிர்க்கும் பெண்களுக்குப் பேறுகாலப் பணிவிடை, இறந்தோருக்கு அவரவர் வழக்கப்படி இறுதிக்கடன் என்று அங்கு நடப்பவற்றை அவர் பட்டியலிடுகிறார். நாட்டை 1799இல் கும்பெனியிடம் விட்டுக்கொடுத்த மன்னர், சத்திரங்களை மட்டும் தம்மிடம் விட்டுவைக்கும்படி வேண்டியது நம் வரலாற்றில் மறக்கத் தகாத செய்தி. அந்தக் கடிதத்தைப் படிக்கையில், காசியிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்துகொண்டிருந்த வடநாட்டுக் குடும்பங்களின் முகம் தெரிகிறது. நாம் வடக்கே போனதைப்போல அவர்கள் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். வழியில் பிள்ளை பெற்றுக்கொண்டும்.

அந்தச் சரபோஜியே 1820இல் காசிக்குப் புறப்பட்டார். உடன் சென்றோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். திரும்பியது 1822இல். காசி, பிரயாகை, கயை என்னும் முத்தலங்களுக்கும் சென்றுவந்த அந்தப் பயணம் மராத்தியில் பாடப்பட்டது. கங்கைக்கரைப் படித்துறைகள் ஓவியங்களாக எழுதப்பட்டன. காசியில் ஏடுகள் வாங்கவும் படியெடுக்கவும் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் செல்வத்தில் ஒரு பகுதி அந்தப் பாதையில் வந்தது. மூவாயிரம் பேருக்குப் பாசறை அமைப்பது படையெடுப்புக்கு ஒப்பான வேலை. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் நீலகிரியில் தங்கி, கங்கையைக் கடந்து, வடகரையில் பாடியமர்ந்து, முப்பத்திரண்டு மாதம் வெளியே கழித்ததை இளங்கோவடிகள் விரித்துரைப்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்தினிக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அரசியுடையது. கல் எடுக்கப் போன பயணம் அரசனுடையது. வேண்மாள் வஞ்சியில் காத்திருந்தாள்.

சரபோஜியின் பயணத்துக்கும் வீராசாமியின் பயணத்துக்கும் இடையில் எட்டு ஆண்டுகளே. ஆனால் மன்னருக்கு வழியெங்கும் கும்பெனி அதிகாரிகளின் ஏற்பாடுகள் இருக்கும்; அவர் எதையும் அடுத்தவருக்கு எழுதிவைக்க வேண்டிய தேவை இல்லை. அவருடைய வழியில் இன்னொரு மன்னர் வந்தால்தான் உண்டு. நீதிமன்ற ஊழியரின் வழியிலோ எத்தனையோ பேர் வரக்கூடும். ஆற்றுப்படையைப் பாணன்தான் பாட முடியும், வள்ளல் பாட முடியாது என்பதுபோல.

வீராசாமியின் கூட்டத்துக்குக் கூடாரம் தேவைப்பட்டதற்குக் காரணம் எளியது. நூறு பேரைக் கொள்ளும் சத்திரம் எல்லா ஊரிலும் இராது. கிருஷ்ணைக்கு வடக்கே போகப்போகச் சத்திரங்களின் வழக்கமும் மாறும். சராய்களும் தர்மசாலைகளும் வரும். ஆசாரமான குடும்பம் தன் அடுப்பில் தானே சமைக்க வேண்டும். ஆகவே மாந்தோப்பு, குளக்கரை, கிணற்றடி என்று நிழலும் நீரும் உள்ள இடம் பார்த்து இறங்குவது. ஆட்கள் முன்னால் ஓடி இடம் பிடிப்பார்கள்; அடுப்பு மூட்டக் கல் தேடுவார்கள்; கூடாரம் எழும்; சமையல் முடியும்; நடுநிசிக்குப் பின் நிலவு எழுந்ததும் கூடாரத்தைப் பிரித்து மூட்டை கட்டி மறுபடி நடை. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போனால் நல்ல பயணம்.

நடந்தது யார்? இந்த இடத்தில் நூலைச் சற்று எதிர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட பயணத்தில் பல்லக்கு ஒன்றுக்கு எட்டோ பன்னிரண்டோ தூக்குவோர் வேண்டும். மூட்டை சுமப்போர், சமையற்காரர், காவலர் என்று கூட்டிப் பார்த்தால் அந்த நூறு பேரில் பெரும்பான்மை யாத்திரிகர் அல்லர், யாத்திரிகரைச் சுமந்தவர்கள். பதினைந்து மாதம் வீட்டைப் பிரிந்து அவர்களும் திரிவேணியைக் கண்டார்கள், காசியைக் கண்டார்கள். கங்கையில் முழுக்கும் போட்டிருப்பார்கள். புண்ணியக் கணக்கில் அவர்கள் பங்கு என்ன என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. அவர்களுள் ஒருவருக்கு எழுதத் தெரிந்திருந்தால் மணல், கல், சேறு என்று வீராசாமி குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு பொருள் கிடைத்திருக்கும். பல்லக்கினுள் இருப்பவருக்கு மணல் என்பது காலதாமதம். தூக்குபவருக்கு அது கணுக்கால்.

பெண்களின் நிலையும் அதுவே. மூடிய பல்லக்கிலிருந்து அவர்கள் எதைக் கண்டார்கள், வழியில் நோயுற்றபோது யார் பார்த்துக்கொண்டார்கள், நர்மதையைக் கடந்த இரவில் என்ன சமைத்தார்கள் என்பதற்கு அவர்கள் கையெழுத்தில் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘எல்லாப் பொருள்களும் கிடைக்கும்’ என்று வீராசாமி எழுதும் தொடர் யார் கேட்ட கேள்விக்கு விடை என்று எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஊரில் புளி கிடைக்குமா என்ற கவலை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குத் தானாகத் தோன்றியிருக்கும் என்று நாம் நம்பத் தயாரில்லை. அந்த வரிகளுக்குப் பின்னால் அடுப்பங்கரையின் குரல் ஒன்று இருக்கிறது. மலைபடுகடாத்தின் விறலியர் பாதத்தையாவது புலவர் கண்டார். இங்கே குரல் மட்டும், அதுவும் பிறர் வழியாக.

வடக்கே போன வழியில் அவர்கள் திரும்பவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. போகும்போது திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை, காசி. பிறகு பாட்னா, கயை, கங்கை வழியே படகில் கல்கத்தா, பூரி ஜகந்நாதம், அங்கிருந்து கீழைக் கடற்கரையோடு விசாகப்பட்டினம், ராஜமுந்திரி, நெல்லூர் வழியாகச் சென்னை. ஒரு பெரிய வட்டம். இந்தப் பாதையை இன்றைய நெடுஞ்சாலைப் படத்தோடு ஒப்பிட்டவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிவரை 2,369 கிலோமீட்டர் ஓடிய பழைய தேசிய நெடுஞ்சாலை எண் 7, ரேவா, ஜபல்பூர், நாகபுரி, ஹைதராபாத், கர்நூல் வழியாகத்தான் சென்றது. வீராசாமி போன பாதை பெருமளவு அதுவே. 2010இல் எண்களை மாற்றியபோது அதன் தென்பகுதி, காஷ்மீர்வரை செல்லும் 44ஆம் எண் சாலையில் சேர்ந்துவிட்டது. அவர் திரும்பிய கடற்கரை வழி பழைய 5, இப்போதைய 16. இப்போது குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு காசிக்குப் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நர்மதையைப் பாலத்தின்மேல் ஓரிரு நிமிடத்தில் கடக்கிறார்கள். புறப்படுமுன் அவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் பெரிதாக மாறவில்லை: எங்கே தங்குவது, நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, இரவில் அந்தச் சாலையில் போகலாமா, குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் எங்கே நிறுத்துவது.

வீராசாமி 1836 அக்டோபரில் காலமானார். அச்சான தம் நூலை அவர் பார்க்கவில்லை. ஸ்ரீநிவாச பிள்ளைதான் கடிதங்களைத் தொகுத்து வெளிக்கொணர்ந்தார். பின்னாளில் பச்சையப்பன் அறநிலையோடு சேர்த்து அறியப்பட்ட அதே பிள்ளை. நண்பரின் கடிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல் அவர் அச்சேற்றியதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்குள் தமிழகத்தில் வேறு ஏற்பாடுகளும் வளர்ந்தன. காசியில் குமரகுருபரர் காலத்திலிருந்தே இருந்த மடத்தோடு, நகரத்தார் 1863இல் தொடங்கிய சத்திரமும் சேர்ந்தது. தெற்கிலிருந்து போகிறவருக்கு அங்கே தமிழ் பேசும் ஒரு திண்ணை கிடைத்தது.

நூலின் இரண்டாம் பதிப்பு 1869இல் வந்தது. சென்னையிலிருந்து இருப்புப்பாதை 1856இல் வாலாஜாவரை போட்டிருந்தார்கள்; 1867இல் அலகாபாத்திலிருந்து ஜபல்பூர்வரை வடக்கில் பாதை வந்துவிட்டது; 1871இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இணைந்தன. அதன்பின் சென்னையில் ரயிலேறிய குடும்பம் சில நாள்களில் கங்கைக்கரையில் இறங்கலாம். 1869இல் அந்த இரண்டாம் பதிப்பை வாங்கியவர்களில், கூடாரமும் பல்லக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, எந்த ஊரில் தண்ணீர் நன்றாயிருக்கும் என்று பக்கங்களைப் புரட்டியவர் யாரேனும் இருந்திருந்தால், அந்த வழியில் நடந்து போன கடைசிச் சிலரில் அவரும் ஒருவர்.